மீண்டும் வேலைக்கு வெளிக்கிடுகிறவர்களுக்கு: வன்னியிலிருந்து ஒரு வழிகாட்டி

இரண்டு பிள்ளைகள், பாரிசவாதத்தில் விழுந்த மாமி, ஏழு வருடம். அதற்கு முன் கிளிநொச்சி நகரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் இருந்தேன். மாமி கண்மூடிய அடுத்த வருடம் திரும்ப ஒரு வேலைக்குப் போய், பத்தொன்பதாம் நாள் நானே விட்டுவிட்டு வந்தேன். வேலை எனக்குப் பிடிபட்டுத்தான் இருந்தது. ஆனால் நான் சேர்ந்தது கார்த்திகைக் கடைசி. மழை விடாமல் பிடித்து, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட, பன்னங்கண்டிப் பக்கம் தண்ணீர் ஏறியது. எங்கள் பாதையில் பஸ் ஓடவில்லை. சின்னவன் முதலாம் வகுப்பு, பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிடும். "பிள்ளை தனிய நிக்கிறான் அம்மா, ஆரும் வரேல்லை" என்று ரீச்சர் போன் எடுத்தபோது ஒரு கட்டுப் பற்றுச்சீட்டுக்கு முன்னால் இருந்து அழுதேன்.

ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டாம் முறை போனேன். இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன். அந்த ஆறு மாதத்தில் செய்தவற்றை, எங்கள் ஒழுங்கையில் பிறகு வேலைக்கு வெளிக்கிட்ட மூன்று நான்கு பேருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதையே இங்கே எழுதுகிறேன். வேலை தேடுவது பற்றிச் சொல்கிறவர்கள் எல்லோரும் விண்ணப்பத்திலிருந்து தொடங்குவார்கள். நான் வீட்டுப் படலையிலிருந்து தொடங்கச் சொல்வேன். வன்னியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் பஸ் வருகிற நேரமும்தான் முதலில் எங்களை மறிக்கின்றன. அந்த இரண்டையும் சரிக்கட்டினால் மிச்சத்தைப் படிக்கலாம், கேட்கலாம், பழகலாம்.

முதல் வேலை: ஒரு நாளைக் கொப்பியில் எழுதுங்கள்

ஒரு எண்பது பக்கக் கொப்பி போதும். காலை நாலரையிலிருந்து இரவு ஒன்பது வரை அரை மணித்தியாலக் கோடுகள் போடுங்கள். முதலில் பிள்ளைகளின் நேரத்தைக் குறியுங்கள். முன்பள்ளி எப்போது விடும்? முதலாம், இரண்டாம் வகுப்பு பதினொன்றரைக்கு விடும். மேல் வகுப்புகள் ஒன்றரைக்கு. ரியூசன் எந்தெந்த நாள்? பிறகு வேலை நேரத்தை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். அரச அலுவலகம் என்றால் நாலேகால் வரை. நகரத்துக் கடை என்றால் ஆறு, ஏழு. ஆடைத் தொழிற்சாலை என்றால் அவர்களுடைய வாகனம் சந்தியில் உங்களை ஏற்றும் நேரத்திலிருந்து திரும்ப இறக்கும் நேரம் வரை.

இரண்டு நிரலுக்கும் இடையில் வெறுமையாய்க் கிடக்கிற கட்டங்களை நன்றாகப் பாருங்கள். என்னுடையதில் அது பதினொன்றரையிலிருந்து ஐந்தேகால் வரை. கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம் பிள்ளைக்கு ஆள் இல்லை. முதல் முறை போனபோது அதை நான் எழுதிப் பார்க்கவில்லை, "எப்பிடியும் சமாளிக்கலாம்" என்று மனதுக்குள் வைத்திருந்தேன். எழுதினால்தான் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது வெளிக்கும்.

பிள்ளையைப் பார்க்கிறவரோடு கதைத்து முடியுங்கள்

அம்மம்மாவோ அப்பம்மாவோ வீட்டில் இருந்தால் கொடுத்து வைத்தவர்கள். இல்லாதவர்கள் அயலில்தான் பார்க்க வேண்டும். போருக்குப் பிறகு வன்னியில் எத்தனையோ வீடுகள் தாய் ஒருத்தியின் தோளில்தான் நிற்கின்றன. அப்படியான வீட்டுக்கு ஒருவர் போதாது, முதலாமவருக்கு வருத்தம் என்றால் வருகிற இரண்டாமவரும் வேண்டும்.

சொந்தக்காரர் என்றாலும் காசு பேசுங்கள். இதில் நான் கண்டிப்பாக நிற்கிறேன். முன்வீட்டு அன்ரியிடம் கேட்டபோது அவர் சொன்னார்: "காசு என்னத்துக்குப் பிள்ளை, உன்ர பிள்ளையள் என்ர பேரப்பிள்ளையள் மாதிரி." நான் சொன்னேன்: "அதுக்காகத்தான் அன்ரி தாறன். மாசம் ஐஞ்சாந் தேதி தருவன். வர ஏலாத நாளை மட்டும் முதல் நாள் பின்னேரமே சொல்லிப் போடுங்கோ." இதைச் சொல்ல எனக்கு வாய் கூசியதுதான். ஆனால் காசு பேசாமல் விட்டால் ஒரு நாள் அவர் கலியாண வீட்டுக்குப் போவார், உங்களால் ஒன்றும் கேட்க முடியாது. பேசிவிட்டால் அவருக்கும் அது ஒரு வேலை, ஒரு மதிப்பு.

சோற்றை யார் போடுவது, பிள்ளை குளத்துப் பக்கம் போகலாமா, காய்ச்சல் என்றால் எந்த ஆஸ்பத்திரி, கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறது: இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டுங்கள். உங்கள் போன் இலக்கத்துக்குக் கீழே இன்னும் இரண்டு இலக்கங்கள் இருக்கட்டும்.

கணவரோடும் இதே கொப்பியை விரித்து வைத்தே கதையுங்கள். "வேலைக்குப் போகட்டோ" என்று மட்டும் கேட்டால் பதில் ஓம் அல்லது இல்லை என்று வரும். "செவ்வாயும் வியாழனும் பதினொன்றரைக்கு ஆர் ஏத்திறது" என்று கேட்டால் அவரும் நேரத்தைக் கணக்குப் பார்க்கத் தொடங்குவார்.

பாதையை நடந்து பாருங்கள்

ஏ9 வீதியில் வீடு இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி அவ்வளவு தேவைப்படாது. உள்ளுக்கு இருப்பவர்கள், மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துச் சனங்கள், இதை விட வேண்டாம். ஒரு கிழமை, வேலைக்குப் போகிற அதே நேரத்தில் வெளிக்கிட்டு அந்த இடம் வரை போய் வாருங்கள். பஸ் எத்தனை மணிக்கு உண்மையில் வருகிறது, நிறைந்து வந்தால் நிறுத்துகிறதா, பின்னேரம் கடைசி பஸ் எது, அதை விட்டால் என்ன வழி? கொப்பியில் எழுதுங்கள். சி.ரி.பி பஸ்ஸில், அதாவது அரச பஸ்ஸில், தினமும் போவதென்றால் சீசன் ரிக்கற் எடுப்பது பற்றி டிப்போவில் கேளுங்கள். நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட்ட பிறகு யானைக்குப் பயந்து பாதையில் இறங்க முடியாத இடங்கள் இருக்கின்றன. அங்கே ஆறு மணிக்கு விடுகிற வேலையை முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

தொடங்குகிற மாதத்தையும் தெரிவு செய்யுங்கள், முடிந்தால். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை எங்கள் மழை. சின்னப்பிள்ளை முதலாம் வகுப்பில் சேர்கிற மாதங்களிலும் வேண்டாம். நான் இரண்டாம் முறை சித்திரை விடுமுறை முடிந்த பிறகு போனேன். மழை வருவதற்குள் ஐந்து மாதம் கையில் இருந்தது. அதற்குள் மழைக்காலத்துக்கும் ஓர் ஒழுங்கு செய்துகொண்டேன்.

ஸ்கூட்டி இருந்தால் எல்லாம் சரி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: லைசென்ஸை இப்போதே எடுங்கள், வண்டியை மூன்று சம்பளம் எடுத்த பிறகு பாருங்கள். வேலை உறுதியாகாத நேரத்தில் கிழமைத் தவணை வசூலிக்கிற கடனில் தலையைக் கொடுக்க வேண்டாம். நுண்கடன் எங்கள் பெண்களை எந்த அளவுக்கு அழுத்தியது என்றால், 2018 இல் வரட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசே பொறுப்பேற்றுத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

பைல்

இடப்பெயர்வில் சேட்டிபிக்கற் எல்லாவற்றையும் தொலைத்தவர்கள் எங்களில் ஏராளம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் ஒரு பொலித்தீன் பையோடு போனவர்களும் உண்டு, அதுவும் இல்லாமல் போனவர்களும் உண்டு. பிறகு அவசரத்துக்கு ஒன்றிரண்டை எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டிருப்போம். இப்போது எடுங்கள். பிறப்பு, விவாகப் பத்திரப் பிரதிகளுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். சாதாரண தரம், உயர் தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து திரும்ப எடுக்கலாம். சுட்டெண் தெரியாவிட்டால் படித்த பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் கேட்டுப் பாருங்கள். விதானையாரின், அதாவது கிராம உத்தியோகத்தரின், நற்சான்றுக் கடிதம் மட்டும் முன்கூட்டியே வேண்டாம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் எடுத்ததைத்தான் கேட்பார்கள்.

பெயர்ச் சிக்கல் ஒன்று இருக்கிறது. கலியாணம் கட்டிய பிறகு அடையாள அட்டையில் கணவரின் பெயர் முன்னெழுத்தாகி இருக்கும். சேட்டிபிக்கற்றில் அப்பாவின் பெயர். பழைய சேவைச் சான்றிதழில் அதுவும் இல்லாமல் இன்னொரு எழுத்துக்கூட்டல். நேர்முகத்தில் இதை வைத்தே ஒரு கிழமை இழுத்தடிப்பார்கள். சமாதான நீதவான் ஒருவரிடம், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து, விவாகப் பத்திரப் பிரதியோடு சேர்த்து வையுங்கள். எனக்கு ஒரு மத்தியானத்தில் முடிந்த அலுவல்.

பழைய சேமலாபப் பணம்

இதை நிறையப் பேர் மறந்தே போகிறார்கள். முன்பு தனியார் துறையில் வேலை செய்திருந்தால் உங்கள் பேரில் ஊழியர் சேமலாப நிதியில், நாங்கள் ஈ.பி.எவ் என்கிறோமே, ஒரு கணக்கு இருக்கும். சம்பளத்தில் 8 வீதம் உங்களிடமிருந்து, 12 வீதம் முதலாளியிடமிருந்து. இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அதாவது ஈ.ரி.எவ்வுக்கு, முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். அதை உங்களிடம் கழிக்க முடியாது. வேலையை விட்ட பிறகு ஈ.ரி.எவ் பணத்தை எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். ஈ.பி.எவ்வைப் பெண்கள் சாதாரணமாக 50 வயதில் எடுக்கலாம். கலியாணத்துக்காக வேலையை விட்டவர்கள் அதற்கு முன்னும் எடுத்திருப்பார்கள். எடுக்காதவர்களுக்கு அது வட்டியோடு அங்கேயே கிடக்கும். அவசரம் இல்லையென்றால் கிடக்கட்டும்.

அடையாள அட்டையையும் பழைய அங்கத்துவ இலக்கத்தையும் கொண்டு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போய் மீதியைக் கேளுங்கள். நான் போய்க் கேட்டபோதுதான், நான் வேலை செய்த அந்த இடம் பதினான்கு மாதம் என் சம்பளத்தில் கழித்ததைக் கட்டவே இல்லை என்று தெரிந்தது. மாமியின் மருந்துத் துண்டுகளோடு சேர்த்துப் பழைய சம்பளச் சீட்டுகளையும் ஒரு ரின்னில் போட்டு வைத்திருந்தேன். அவை இருந்ததால் முறைப்பாடு கொடுக்க முடிந்தது. கட்டாத பணத்தை மேலதிகக் கட்டணத்தோடு அறவிடவும், தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்குப் போகவும் திணைக்களத்துக்கு அதிகாரம் இருக்கிறது. சம்பளச் சீட்டை எறியாதீர்கள்.

அரச சேவையில் இருந்துகொண்டே சம்பளமற்ற லீவில் நிற்பவர்களுக்கு வழி வேறு. லீவு முடிகிற திகதிக்கு முன்பே எழுத்தில் அறிவியுங்கள். நீடிப்பதென்றாலும் அனுமதி கையில் கிடைத்த பிறகுதான் நிற்க வேண்டும். அனுமதி இல்லாமல் நின்றால் பதவி வெறிதாக்கல் அறிவித்தல், அதாவது வேலையை நீங்களே விட்டதாக எண்ணும் கடிதம், வரும், பிறகு மேன்முறையீடு என்று அலைய வேண்டும்.

ஏழு வருடத்தை எழுதுவது

சுயவிபரக்கோவையில் இடைவெளியை மறைக்க நினைக்க வேண்டாம். திகதிகளைப் பார்க்கிறவருக்கு அது உடனே தெரியும். நான் எழுதியது இதுதான்:

"2016 – 2023: குடும்பப் பொறுப்பு (இரு சிறுபிள்ளைகள், நோயுற்ற மூத்தவர் பராமரிப்பு). இக்காலத்தில் கிராம மாதர் சங்கத்தின் பொருளாளர், 43 அங்கத்தவர்களின் சேமிப்பு, கடன் பதிவேடுகள், வருடாந்தக் கணக்கறிக்கை."

மூன்று வரி. மாதர் சங்கக் கணக்கை நான் ஒரு வேலையாகவே எண்ணியிருக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் நாற்பத்து மூன்று பேரின் காசை எண்ணி, சதம் பிசகாமல் வங்கியில் போட்டிருக்கிறேன். சங்கத் தலைவியிடம் அதற்கு ஒரு கடிதம் கேட்டேன், மகிழ்ச்சியோடு தந்தார். நீங்களும் தேடிப் பாருங்கள்: கோயில் திருவிழாக் கணக்கு, பாடசாலை அபிவிருத்திச் சங்கம், வீட்டில் தைத்துக் கொடுத்தது, தோட்டத்தில் விளைந்ததைச் சந்தைக்கு ஏற்றியது. செய்ததை மட்டும், செய்த அளவுக்கு எழுதுங்கள். நற்சான்றுக்கு நீங்கள் பெயர் கொடுக்கும் இரண்டு பேரும் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. போன் வரும் என்று அவர்களிடம் முதலே சொல்லி வையுங்கள்.

கை பழக வேண்டியவை

வேலையை விட்ட நாளிலிருந்து உங்கள் துறையில் எது மாறியது என்று, இப்போது அதே வேலையில் இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். ஒரு மணித்தியாலம் போதும். என் துறையில் வற், அதாவது பெறுமதி சேர் வரி, மட்டும் 2019 கடைசியில் 8 வீதத்துக்கு இறங்கி, 2022 இல் 12 ஆகி, 15 ஆகி, 2024 தையில் 18 ஆனது. நான் பழைய வீதத்தை மனதில் வைத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்?

தட்டச்சும் மாறிவிட்டது. நாங்கள் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள். இப்போது யுனிகோட் கேட்கிறார்கள். பாமினியில் அடித்த பழைய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் கொட்டிக் கிடக்கும். என் விரல்கள் புது விசைப்பலகைக்கு வர மூன்று கிழமை எடுத்தது. தினமும் இரவு பிள்ளைகள் படுத்த பிறகு பத்திரிகையில் ஒரு பத்தி பார்த்து அடிப்பேன். எக்ஸலில் கூட்டல், வடிகட்டல், எளிய அட்டவணை தெரிந்தால் தொடங்கப் போதும். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவும் பழகுங்கள், எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் முடிக்க முடியாது.

கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. தையல், சமையல், சிகை அலங்காரம் போன்றவற்றை வருடக்கணக்காய்ச் செய்து வருகிறவர்கள் திரும்ப முழுப் பயிற்சிநெறி படிக்காமலே, முன் அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்குப் போய் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ, எடுக்கலாம். மொத்தம் ஏழு மட்டம், கைவினைத் தேர்ச்சிக்குரியவை நாலு வரை. நைற்றா என்று சொல்கிற பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிடம் விசாரியுங்கள். செய்த வேலைகளின் படங்களையும் வாடிக்கையாளர் எழுதித் தந்த துண்டுகளையும் இப்போதே சேருங்கள். முழுநேரம் படிக்க வசதி உள்ளவர்களுக்கு அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

எங்கே தேடுவது

பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் இருப்பார். அவரிடம் பெயரைப் பதியுங்கள். தொழிற்சந்தை நடக்கும்போது தகவல் வரும். ஆனால் சொந்த அனுபவத்தில் சொல்வதென்றால், எங்கள் ஊர்களில் வேலை வாய்மொழியாய்த்தான் நகர்கிறது. பழைய வேலையிடத்துச் சிநேகிதிகளுக்கு, "நான் திரும்ப வேலை தேடுறன்" என்று ஒரு குறிப்பு அனுப்புங்கள். நான் பத்துப் பேருக்கு அனுப்பினேன். எட்டாமவர் சொன்ன இடத்தில்தான் இருக்கிறேன்.

தொண்டு நிறுவன வேலைகள் திட்ட காலத்துக்கு மட்டும். எத்தனை மாதம் என்று முதலிலேயே கேளுங்கள். முன்பு செய்த வேலையைவிட இரண்டு படி கீழே உள்ளதை, "இப்போதைக்கு இது போதும்" என்று உடனே பிடிக்க வேண்டாம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய கட்டாயம் என்றால் அது வேறு. அப்போது பிடியுங்கள், ஆனால் தேடலை நிறுத்த வேண்டாம்.

நேர்முகத்தில்

"பிள்ளைக்கு வருத்தம் வந்தா என்ன செய்வீங்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஆண்களிடம் கேட்காத கேள்வி அது, எனக்கு இன்றும் கோபம்தான். ஆனாலும் பதிலைத் தயாராய் வைத்திருங்கள். நான் சொன்னது: "ரெண்டு பேரோட ஒழுங்கு செய்து வச்சிருக்கிறன் சேர். ஒருத்தர் முன்வீட்டில, மற்றவா என்ர ஒண்டுவிட்ட அக்கா. ஆஸ்பத்திரியில மறிச்சாத்தான் நான் லீவு கேப்பன்." அந்த ஆள் வேறு கேள்விக்குப் போய்விட்டார். கொப்பியில் எழுதிய வேலைதான் இங்கே கைகொடுத்தது.

இடைவெளியைப் பற்றி இரண்டு வசனத்துக்கு மேல் விளக்கம் வேண்டாம். மன்னிப்புக் கேட்கிற குரலும் வேண்டாம்.

சேருகிற நாளும் அதற்குப் பிறகும்

நியமனக் கடிதம் இல்லாமல் கதிரையில் இருக்க வேண்டாம். கடை, அலுவலக ஊழியருக்கு அதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 1954 ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பதவி, சம்பளம், வேலை நேரம், லீவு, தகுதிகாண் காலம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 சித்திரையிலிருந்து 27,000 ரூபாய், 2026 தையிலிருந்து 30,000. அதற்குக் கீழே பேசினால் எழும்பி வாருங்கள்.

கைக்கு வருவதையும் கணக்குப் பாருங்கள். 40,000 சம்பளம் என்றால் ஈ.பி.எவ்வுக்கு 3,200 போய்க் கையில் 36,800. முதலாளி தன் பங்கில் 4,800 உம் ஈ.ரி.எவ்வுக்கு 1,200 உம் கட்ட வேண்டும். 36,800 இல் பஸ், அன்ரிக்கு, ரியூசன், மத்தியானச் சாப்பாடு எல்லாம் கழித்து மிஞ்சுவது எவ்வளவு? முதல் வருடம் அது சின்னத் தொகையாய் இருந்தாலும் போகலாம் என்பது என் எண்ணம். சேவைக்காலமும் சேமலாபமும் உங்கள் பேரில் ஏறுகின்றன. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ளவர்கள் பாலூட்டும் இடைவேளையைக் கேட்டு வாங்குங்கள், அது உரிமை.

முதல் மூன்று கிழமை உடம்பு நோகும். இரவில் சமைத்து வைக்கிற பழக்கம் வரும் வரை காலை நாலு மணி கொடுமையாய் இருக்கும். அந்தக் காலத்தில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். வீட்டில் எந்த வேலையை விடலாம் என்று மட்டும் பாருங்கள். நான் முற்றம் கூட்டுவதைக் கிழமைக்கு இரண்டு தரமாக்கினேன். பெரியவள் தன் சீருடையைத் தானே மினுக்கப் பழகினாள்.

சேர்ந்து மூன்றாம் மாதம் திரும்பத் தொழில் திணைக்களத்துக்குப் போய், புது முதலாளி பணம் கட்டுகிறாரா என்று பாருங்கள். பழைய கணக்கையும் புதியதையும் ஒன்றாக்குவது பற்றியும் அப்போதே கேளுங்கள். தகுதிகாண் காலம் முடிகிற திகதியைக் கலண்டரில் சிவப்பால் குறித்து வையுங்கள். அவர்களாகத் தராவிட்டால் அடுத்த நாளே நிரந்தரமாக்கிய கடிதத்தைக் கேளுங்கள். மூலப்பிரதி வீட்டுப் பைலுக்கு, ஒரு போட்டோக்கொப்பி அலுவலக லாச்சிக்கு.